செல்போன் செத்தாலும் மலை பேசும்!
கையில் ஒரு கம்பு, பையில் ஒரு வயர்லெஸ்: ஆபத்தில் கைகொடுக்கும் பொழுதுபோக்கு

ஆரணி -

புயல் அடிக்கிறது. கரண்டு போகிறது. செல்போன் கோபுரத்தின் பேட்டரியும் தீர்ந்துவிடுகிறது. மலை ஏறப்போனவர்கள் என்ன ஆனார்கள்? கீழே இருக்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்?

இது வெறும் கற்பனை அல்ல. 2024 டிசம்பர் 1-ந் தேதி பெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை தீபமலையில் மண் சரிந்தது. அடிவாரத்தில் வீடு புதைந்து 7 பேர் பலியானார்கள். 2025 ஆகஸ்டில் பர்வதமலையில் சாமி கும்பிட்டுவிட்டு இறங்கிய 2 பெண்கள் காட்டாற்று வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள்.

ஆரணி நெசவாளர்களுக்கு இரண்டு மலையும் பழக்கமானவை. ஊரை ஒட்டி ஓடும் கமண்டல நாகநதி பிறப்பதும் ஜவ்வாது மலையில்தான். ஆக, மலையில் நடப்பது ஊருக்குத் தெரிவது அவசியம்.

அந்தமானில் கேட்ட குரல்

இதற்கு ஒரு வழி இருக்கிறது. அதுதான் 'ஹாம் ரேடியோ'. அரசாங்க லைசென்ஸ் வாங்கி, சம்பளம் இல்லாமல், ஆசைக்காக வயர்லெஸ் நடத்துகிறவர்கள் 'ஹாம்'கள். முன்னாள் பிரதமர் ராஜீவ்காந்தியும் ஒரு ஹாம்தான். அவருடைய அழைப்புப் பெயர் 'வி.யூ.2 ஆர்.ஜி.'

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற பெண்மணி தன் குழுவோடு போர்ட்பிளேரில் ஹாம் நிலையம் நடத்திக்கொண்டிருந்தார். 26-ந் தேதி சுனாமி தாக்கியது. டெலிபோன் செத்தது. இந்தக் குழுவின் வயர்லெஸ்தான் தீவில் தவித்தவர்களின் செய்தியை வெளியே கொண்டுபோனது. 2015 சென்னை வெள்ளத்திலும் ஹாம்கள் உதவிக்கு வந்தார்கள்.

தீபம் சொல்லும் கணக்கு

அந்தமானில் பேசியது சிற்றலை. அது வானத்தில் மோதித் திரும்பி, கடல் கடந்து போகும். ஆனால் போலீசார் வாக்கிடாக்கி போல கையில் அடங்கும் சின்ன வயர்லெஸ் அப்படி அல்ல. அதன் அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். பூமியின் வளைவு அதை மறைத்துவிடும்.

கார்த்திகை தீபத்தை ஏன் மலை உச்சியில் ஏற்றுகிறார்கள்? சுற்றுப்பட்டு ஊர்களில் வீட்டு மாடியிலிருந்தே கும்பிடலாம் என்பதால்தானே! வயர்லெசுக்கும் அதே கணக்குதான். 10 மீட்டர் உயர மொட்டைமாடியில் நின்றால் அலை போகும் எல்லை சுமார் 13 கிலோமீட்டர். 2,668 அடி தீபமலை உச்சியில் நின்றால் சுமார் 115 கிலோமீட்டர்! நடுவில் வேறு மலை மறைக்கக்கூடாது, அவ்வளவுதான்.

இந்த மலை வயர்லெஸ் ஒரு விளையாட்டாகவே நடக்கிறது. 2002 மார்ச்சில் இங்கிலாந்தில் தொடங்கி, பல நாடுகளுக்குப் பரவியது. சாமான்களை முதுகில் சுமந்து ஏறவேண்டும். உச்சியிலிருந்து குறைந்தது 4 பேரிடமாவது பேசினால்தான் பாயிண்டு.

முழங்கால் பத்திரம்!

"ஏறுறது பெரிசில்லை, இறங்கும்போதுதான் உசிரு போகுது" என்பார்கள் மலைக்குப் போய்வந்தவர்கள். காரணம் உண்டு. இறங்கும்போது உடம்பின் பாரம் முழங்காலில் விழுகிறது. நாள் முழுக்க தறிக்குழியில் காலை விட்டு மிதிக்கிறவர்களுக்கு சொல்லவே வேண்டாம்.

இங்கேதான் கம்பு கைகொடுக்கிறது. 1999-ல் ஆஸ்திரியா ஆராய்ச்சியாளர்கள் செங்குத்தான சரிவில் 8 பேரை இறங்கவிட்டுப் பார்த்தார்கள். இரண்டு கையிலும் ஊன்றுகோல் பிடித்தபோது முழங்கால் சுமை 12 முதல் 25 சதவீதம்வரை குறைந்தது. கோவை வெள்ளியங்கிரி மலைக்குப் போகிற பக்தர்கள் மூங்கில் கம்பு ஊன்றுவதும் இதற்காகத்தான். ஏறும்போது கொஞ்சம் குட்டையாகவும், இறங்கும்போது கொஞ்சம் நீளமாகவும் பிடிக்கவேண்டும்.

உச்சிக்குப் போனதும் அதே கம்பில் ஏரியல் கம்பியைக் கட்டி நிறுத்தலாம். ஒரே கம்பு, இரண்டு வேலை! இடி, மின்னல் வந்தால் மட்டும் எல்லாவற்றையும் மடக்கிக்கொண்டு உடனே உச்சியைவிட்டு இறங்கிவிடவேண்டும்.

லைசென்ஸ் இல்லாமல் பேசினால் குற்றம்

வயர்லெஸ் வாங்கிவிட்டால் பேசலாம் என்று நினைக்கக்கூடாது. மத்திய தகவல் தொடர்புத்துறையின் பரீட்சையில் பாஸ் செய்யவேண்டும். 12 வயது நிரம்பினால் போதும். படிக்கிற பிள்ளைகளும் எழுதலாம். வியாபாரப் பேச்சுக்கு இடம் இல்லை. பட்டு விலை கேட்க இது உதவாது! காட்டுப்பகுதி என்றால் வனத்துறையிடமும் அனுமதி கேட்கவேண்டும்.

புயல் வந்தபிறகு பரீட்சை எழுதமுடியாது. ஊருக்கு நாலுபேர் முன்கூட்டியே பழகி வைத்திருந்தால், மலைமேலே ஒருவர், ஊரில் ஒருவர் என்று நின்று சேதி சொல்லலாம். எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள் என்ற கணக்காவது வீட்டில் காத்திருப்பவர்களுக்குத் தெரியும்.