நீண்டகரை இறால்

கொல்லம் நகருக்கு வடக்கே, அஷ்டமுடிக் காயல் கடலோடு கலக்கும் முகத்தில் நீண்டகரை என்னும் ஊர் இருக்கிறது. எதிர்க்கரை சக்திகுளங்கரை. இவ்விரு ஊர்களையும் ஓர் இறால் இனம் உயர்த்திய வரலாற்றையும், பின்னர் அலைக்கழித்த வரலாற்றையும் நேயர்கள் அறிந்துகொள்வது நலம்.

முற்காலத்தில் கேரளக் கரையில் இறாலுக்கு மதிப்புக் குறைவு. உலர்த்திய இறால் பர்மாவுக்குக் கப்பலேறியது. மிகுந்தது தென்னைக்கு எருவாயிற்று. இன்று சந்தையில் விலை கேட்டு மலைத்து நிற்பவர் இதை நம்புவது கடினமே!

1953இல் நார்வே நாட்டின் உதவியோடு இங்கே ஒரு மீன்வளத் திட்டம் தொடங்கியது. விசைப்படகு, பனிக்கட்டி ஆலை, குடிநீர், மருத்துவ வசதி ஆகியவற்றால் மீனவர் வாழ்வை உயர்த்துவதும், உள்ளூரார்க்கு மீன் பெருகச் செய்வதுமே அதன் நோக்கம். அதே ஆண்டில், உறையவைத்த இறால் கொச்சியிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்றது. அயல்நாட்டு விலை கண்டபின் நோக்கம் திசை மாறியது. இறாலோ சேற்றுத் தரையை ஒட்டி வாழ்வது. அதைப் பிடிக்க, கடலடியைத் துழாவிச் செல்லும் இழுவை மடி வந்தது. கடல் காணாத செல்வரும் படகு வாங்கினர். குமரி மாவட்டத் தமிழர் பலரும் அப்படகுகளில் வேலைக்குச் சென்றனர். கரையில் பெண்கள் தலை கிள்ளி, ஓடு உரித்துக் கூலி பெற்றனர்.

1973இல் கேரளத்தின் இறால் பிடிப்பு 80,000 டன்னைத் தாண்டியது. அதுவே உச்சம். சில ஆண்டுகளில் பிடிப்பு பாதிக்கும் கீழே சரிந்தது. இழுவை மடி பெரிய இறாலை மட்டுமா அள்ளுகிறது? குஞ்சையும், விலைபோகாச் சிறுமீனையும் சேர்த்தே வாரிவிடுகிறது. இழப்பை முதலில் உணர்ந்தவர் படகு முதலாளிகள் அல்லர். கரையோரத்தில் கட்டுமரமும் வள்ளமும் செலுத்தியவரே. அவர்கள் வலைகள் அறுபட்டன. கடலில் கைகலப்பும் நிகழ்ந்தது. 1984இல் பெரும் போராட்டம் மூண்டது. 1988 முதல் மழைக்கால இழுவைத் தடை நடைமுறைக்கு வந்தது.

ஏற்றுமதி இறாலில் பெரும்பகுதி இன்று கடலிலிருந்து வருவதன்று; ஆந்திரக் குளங்களில் வளர்வது. ஆயினும் நீண்டகரைத் துறைமுகம் ஓயவில்லை. ஜூன் மாதத்தில் தடை தொடங்கும் நள்ளிரவில், பாலத்தின் தூண்களுக்கிடையே சங்கிலி பூட்டி விசைப்படகுகளின் வழியை அடைத்துவிடுகின்றனர். மழைக்கடலில் கரையருகே திரளும் கரிக்காடி இறால், அந்நாட்களில் வள்ளக்காரரின் வலைக்கே உரியது.