பயிருக்குக் காப்பீடு, மனத்துக்கு ஐயம்

நம் மரக்காணத்தில் உப்பும் 'விளைகிறது' என்றே சொல்கிறோம். பாத்தி கட்டி, நீர் பாய்ச்சி, வாரிக் குவிக்கிறோம். ஆயினும் அரசின் ஏட்டில் உப்பு பயிரன்று, தொழிற்பொருள். ஆகவே ஒரே மழை உப்பளத்தையும் நெல்வயலையும் அழித்தாலும், பயிர்க் காப்பீடு வயலுக்கு மட்டுமே உண்டு. உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2022-இல் தொடங்கியது. அவர்களுக்குக் கிட்டியது அவ்வளவே.

காப்பீட்டுக்கு உரிமையுள்ள உழவரோ அதனை நாடத் தயங்குகின்றனர். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டிற்று. அதன்பின் நம்மிடம் வந்தவர்களை, "காப்பீடு செய்தீர்களா?" என வினவினோம். "முன்பு கட்டினோம் சாமி, ஒன்றும் வரவில்லை" என்பதே பலரின் மறுமொழி.

இக்குறை முற்றும் பொய்யன்று. 2016-இல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், அறிவிக்கப்பட்ட பகுதி முழுவதன் சராசரி விளைச்சலே பெரும்பாலும் அளவுகோல். தம் வயல் மூழ்கியும் அண்டை வயல்கள் தப்பினால் இழப்பீடு கிட்டாமற் போகலாம். இதனை முன்னரே எடுத்துரைப்பார் இல்லை. ஆயினும் சம்பா நெல்லுக்கு உழவர் செலுத்துவது காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காடே, எஞ்சிய கட்டணத்தை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன. விளையாத ஆண்டுக்கான செலவை விளைந்த ஆண்டில் இழப்பு எனக் கருதுவது முறையன்று.

மற்றொரு மனப்பான்மையும் உண்டு. அதையும் மறைக்க மாட்டோம். அரசுப் பணம் யாருக்கும் உரியதன்று, கிடைத்தவரை இலாபம் என்னும் எண்ணம்! நிலமுடைய உழவர்க்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் திட்டத்தில், தகுதியற்ற ஐந்தரை இலட்சம் பேர் தமிழகத்தில் சேர்க்கப்பட்டதும், 110 கோடி ரூபாய் அவ்வாறு சென்றதும் 2020-இல் வெளிப்பட்டன. நம் விழுப்புரம் மாவட்டமும் அதில் தப்பவில்லை.

உண்மையில் உழுபவரான குத்தகைக்காரருக்கோ அந்த 6,000 ரூபாய் இல்லை. காப்பீட்டில் இடமுண்டு, ஆனால் குத்தகைக்குச் சான்று வேண்டும். எழுதிக் கொடுத்தால் 1955-ஆம் ஆண்டுக் குத்தகைச் சட்டப்படி நிலம் கைவிட்டுப் போகுமோ என நிலக்காரர் அஞ்சுகின்றார். புயலில் நெல்லை இழந்த முதியவர் ஒருவருக்கு மறு ஆண்டு நவம்பரில், கடைசி நாளுக்கு முந்திய மாலை கையெழுத்துக் கிடைத்தது. அதற்கு நாம் இருமுறை அந்நிலக்காரர் வீட்டுப் படியேற வேண்டியிருந்தது.