ஓட்டம் நிற்காமலே ஓட்டையை அடைக்கலாம்

‘அப்டேட் தயார், ரீஸ்டார்ட் செய்யவும்’ என்று திரையில் வந்ததும் நம் கை ‘பிறகு’ பட்டனுக்குத்தான் போகிறது. மூன்று ஷிப்டும் ஓடும் ஸ்பின்னிங் மில்லின் சர்வரை எந்த நேரத்தில் நிறுத்துவது? பில் போட ஆட்கள் வரிசையில் நிற்க, மருத்துவமனைக் கணினியை எப்படி அணைப்பது? கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் இது நியாயமான கவலை. ஆனால், தள்ளிப்போடும் நாட்களில்தான் ஆபத்து இருக்கிறது.

2017 மார்ச் 14 அன்று விண்டோஸின் ஓர் ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் பேட்ச் (திருத்தம்) வெளியிட்டது. மே 12 அன்று அதே ஓட்டை வழியாக ‘வான்னாக்ரை’ என்ற பணம் பறிக்கும் தீநிரல் புகுந்து, பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளைக்கூட முடக்கியது. மருந்து வந்து இரண்டு மாதமாகியும், அதைப் போடாத கணினிகள் மாட்டிக்கொண்டன.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சர்வர் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்த மாணவர் ஜெஃப் அர்னால்டும் இப்படித்தான் அடிபட்டார். பயனர்களுக்குத் தொந்தரவு வேண்டாமென்று அவர் அப்டேட்டைத் தள்ளிப்போட, அதற்குள் ஊடுருவல் நடந்துவிட்டது. அதன் விளைவாக 2008இல் பிறந்ததுதான் ‘கேஸ்பிளைஸ்’: ஓடும் லினக்ஸை நிறுத்தாமலே பேட்ச் போடும் முறை. 2005 மே முதல் 2008 மே வரை வந்த 64 முக்கியப் பாதுகாப்புப் பேட்ச்களில் 56ஐ, புதிதாக ஒரு வரி நிரல்கூட எழுதாமல் போட முடிந்தது.

எப்படி? மில்லில் நூல் அறுந்தால், அதை ஒட்டும் தொழிலாளியான சைடர், ஃப்ரேம் முழுவதையும் நிறுத்துவதில்லை. அந்த ஒரு ஸ்பிண்டிலை மட்டும் பிடித்து நிறுத்தி, நூலை ஒட்டிவிடுகிறார். மற்றவை சுற்றிக்கொண்டே இருக்கின்றன. இங்கும் அதே கதைதான். திருத்திய நிரல் துண்டை நினைவகத்தில் ஏற்றி, பழைய துண்டின் வாசலிலேயே ‘புதியதற்குப் போ’ என்ற தாவல் கட்டளையை வைக்கிறார்கள். பழைய துண்டுக்குள் பாதி வேலையில் இருக்கும் நிரல்கள் வெளியே வந்த பிறகே அவை புதியதற்கு மாற்றப்படுகின்றன.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே 2015இல் இதற்கான அடிப்படை வசதி சேர்ந்தது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் ‘லைவ்பேட்ச்’ 5 கணினிகள் வரை கட்டணமில்லாமல் கிடைக்கிறது. விண்டோஸ் 11 என்டர்பிரைஸுக்கு 2025 ஏப்ரலில் ‘ஹாட்பேட்ச்’ வந்தது. வழக்கமான மாதாந்தரப் பாதுகாப்பு அப்டேட்டுக்கு ஆண்டில் 4 ரீஸ்டார்ட் போதும் என்பது திட்டம். வீட்டுக்கான ஹோம் பதிப்பில் இது கிடையாது.

எல்லாவற்றையும் இப்படித் தைத்துவிட முடியாது. தகவல்களை அடுக்கி வைக்கும் அமைப்பே மாறும் திருத்தங்கள், புதிய கெர்னல் பதிப்புகள் ஆகியவற்றுக்கு ரீஸ்டார்ட் வேண்டும்தான். எனவே அடுத்த சர்வர் வாங்கும்போது, ‘லைவ் பேட்ச் வசதி உண்டா?’ என்று கேளுங்கள். மில்லின் பராமரிப்பு நாளில் சர்வருக்கும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அந்த அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தப் போய், மாதக்கணக்கான கணக்குவழக்கை இழந்துவிடக் கூடாது.