எண்ணுவோர் யார்?
அமெரிக்க அரசியலமைப்பின் ஒரு தொடரும் பழமை பேணுவோரின் கடமையும்

இலக்கண வகுப்பில் செயப்பாட்டுவினையைக் கற்பிக்கும்போது 'வீடு தச்சனால் கட்டப்பட்டது' என்னும் எடுத்துக்காட்டைச் சொல்வது வழக்கம். 'வீடு கட்டப்பட்டது' என்று மட்டும் சொன்னாலும் வாக்கியம் நிறைவு பெறும். ஆனால் கட்டியவன் யார் என்பது மறைந்துவிடும். மூன்றாம் வேற்றுமையின் 'ஆல்' உருபை ஏற்று வரவேண்டிய கருத்தா தோன்றாமல் நிற்பான். வீட்டைப் பொறுத்தவரையில் இதனால் கேடொன்றும் இல்லை. ஒரு நாட்டின் அரசியலமைப்புச் சட்டத்தில் இவ்வாறு கருத்தா மறைந்துபோனால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2021 சனவரி 6 அன்று நிகழ்ந்தவை சான்றாகின்றன.

அமெரிக்காவில் குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் மக்கள் வாக்களித்துத் தேர்வாளர்களை அமர்த்துகின்றனர். அத்தேர்வாளர் 538 பேர். அவர்களுள் 270 பேரின் வாக்கைப் பெறுபவரே தலைவர். மாநிலங்களிலிருந்து முத்திரையிட்டு வரும் சான்றுகளை எவ்வாறு கையாளுவது என்பதை 1804இல் நடைமுறைக்கு வந்த பன்னிரண்டாம் திருத்தம் கூறுகிறது. செனட்டின் தலைவர், அதாவது நாட்டின் துணைத் தலைவர், இரு அவையினரின் முன்னிலையில் அச்சான்றுகளைத் திறக்க வேண்டும் என்பது அதன் முற்பகுதி. இது செய்வினை; யார் செய்வது என்பதில் ஐயமில்லை. அதன் பின்னர் வாக்குகள் எண்ணப்படும் என்பது பிற்பகுதி. இது செயப்பாட்டுவினை. யாரால் எண்ணப்படும்? சட்டம் அதைச் சொல்லவில்லை.

இக்குறை 1876ஆம் ஆண்டுத் தேர்தலில் வெளிப்பட்டது. சனநாயகக் கட்சியின் டில்டனுக்கு 184 தேர்வாளர் வாக்குகள். குடியரசுக் கட்சியின் ஹேய்சுக்கு 165. எஞ்சிய 20 வாக்குகள் பூசலுக்கு உள்ளாயின. புளோரிடா, லூசியானா, தென் கரோலினா ஆகிய மூன்று மாநிலங்களிலிருந்து இருவேறு சான்றுகள் வந்துசேர்ந்தன. ஒரேகானில் ஒரே ஒரு வாக்குக்குத் தகராறு. பதினைவர் கொண்ட ஆணையம் ஒன்றை அமைத்தனர். அது 8-க்கு 7 என்னும் கணக்கில் இருபதையும் ஹேய்சுக்கே அளித்தது. 185-க்கு 184 என்று அவர் வென்றார். அதையொட்டித் தென்மாநில அரசுகளுக்குக் காவலாய் நின்ற கூட்டரசுப் படைகள் விலக்கப்பட்டன. அடிமைத் தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களின் வாக்குரிமை அங்கே பல்லாண்டுக் காலம் வெற்றெழுத்தாகிப் போனது. எண்ணுவதில் நேரும் தகராறின் சுமையை எண்ணும் இடத்தில் இல்லாதவர்களே சுமக்க நேர்கிறது. மீண்டும் இவ்வாறு நேராதிருக்க 1887இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் நடை எத்துணைக் குழப்பமானது என்பதைச் சட்ட அறிஞர்கள் நூறாண்டுகளாகச் சொல்லி வந்தனர். எனினும் அதன்வழியே நாடு நடந்து வந்தது.

2020 நவம்பர் 3 தேர்தலில் சனநாயகக் கட்சியின் ஜோ பைடனுக்கு 306 தேர்வாளர் வாக்குகளும், பதவியிலிருந்த குடியரசுத் தலைவர் டொனால்டு டிரம்புக்கு 232 வாக்குகளும் கிடைத்தன. டிரம்ப் தம் தோல்வியை ஏற்கவில்லை. வாக்குகள் திருடப்பட்டன என்றார். அவருக்குத் துணைநின்ற சட்டப் பேராசிரியர் ஜான் ஈஸ்ட்மன், அந்தச் செயப்பாட்டுவினைக்குள் நுழைந்து ஒரு கருத்தாவைக் கண்டெடுத்தார். சான்றுகளைத் திறப்பவரே எண்ணுபவர். எண்ணுபவருக்கு ஏற்கவும் தள்ளவும் உரிமை உண்டு. ஆதலால் துணைத் தலைவர் மைக் பென்ஸ் ஏழு மாநிலங்களின் வாக்குகளை ஒதுக்கிவைக்கலாம், அல்லது அவற்றை அந்தந்த மாநிலச் சட்டமன்றத்துக்குத் திருப்பி அனுப்பலாம் என்பது அவர் வாதம். அந்த ஏழில் ஒரு மாநிலத்தில்கூட ஆளுநரோ சட்டமன்றமோ இரண்டாவதொரு பட்டியலுக்கு ஒப்புதல் அளித்திருக்கவில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

பென்ஸ் யார்? குடியரசுக் கட்சியின் பழமை பேணும் பிரிவினருள் முதன்மையானவர். டிரம்புக்கு நான்காண்டுகள் நிழல்போல் உடனிருந்தவர். 'கன்சர்வேட்டிவ்' என்னும் சொல்லைப் பழமைவாதி என்று நாம் மொழிபெயர்க்கிறோம். தமிழ்நாட்டில் அச்சொல் சீர்திருத்தத்தை எதிர்ப்பவன், புதுமைக்குப் பகைவன் என்னும் வசைப்பொருளிலேயே பெரிதும் வழங்கி வருகிறது. மூலச்சொல்லின் வேர்ப்பொருள் காத்தல் என்பதாகும். எதைக் காப்பது என்னும் வினாவில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

இக்கொள்கையின் தந்தை எனப் போற்றப்படும் எட்மண்டு பர்க், பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து 1790இல் எழுதிய நூலால் பெயர் பெற்றவர். அதற்கு ஐந்தாண்டுகள் முன்னர், 1785 பிப்ரவரியில், அவர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசிய பொருள் நம் மண்ணைப் பற்றியது என்பதை நம்மவர் பலர் அறியார். ஆற்காடு நவாப் முகம்மது அலியின் பெயரால் கும்பினி ஊழியர்கள் காட்டிய கடன் கணக்குகளைத் தோலுரித்துக் காட்டிய பேச்சு அது. அதனிடையே கர்நாடகப் பகுதியின் ஏரிகளைப் பற்றி அவர் உருக்கமாகப் பேசுகிறார். தமக்குப் பின் வரும் தலைமுறைகளுக்கென முன்னோர் அமைத்துச் சென்ற நீர்நிலைகளே மெய்யான அரசர்களின் நினைவுச் சின்னங்கள் என்பது அவர் கருத்து. ஏரியை வெட்டியவன் பெயர் மறந்துபோயிருக்கலாம்; கரையைக் காப்பவன் அடுத்த போகத்துக்காக மட்டும் அதைக் காப்பதில்லை. தனக்கு வேண்டிய நிலத்துக்கு நீர் பாயவில்லை என்பதற்காகக் கரையை வெட்டுபவனைப் பழமை பேணுபவன் என்று பர்க் ஒப்பியிருக்க மாட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சனவரி 4 அன்று டிரம்பும் ஈஸ்ட்மனும் வெள்ளை மாளிகையில் பென்சை நேரில் வற்புறுத்தினர். அடுத்த நாள் பென்சின் சட்ட ஆலோசகர் கிரெக் ஜேக்கப், ஈஸ்ட்மனுடன் வாதிட்டார். இவ்வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றால் 9-க்கு 0 என்று தோற்கும் என ஈஸ்ட்மனே முடிவில் ஒப்புக்கொண்டதாக ஜேக்கப் பின்னர்ச் சாட்சியம் அளித்தார். அதே நாளில் மைக்கேல் லுட்டிக் என்னும் முன்னாள் நீதிபதியின் உதவி நாடப்பட்டது. 1991 முதல் 2006 வரை கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் பணியாற்றிய அவர், பழமை பேணும் சட்ட அறிஞர்கள் நடுவே பெருமதிப்புடையவர். ஈஸ்ட்மன் ஒருகாலத்தில் அவரிடமே உதவியாளராக இருந்தவர்! ஆசிரியப் பணியில் இருப்போர் இவ்விடத்தில் சற்று நின்று செல்வர். தம் மாணாக்கரின் உரை பிழையென்று ஆசிரியர் உலகறியச் சொல்ல வேண்டியதாயிற்று. துணைத் தலைவருக்குள்ள ஒரே அதிகாரம் வந்த வாக்குகளை வந்தவாறே எண்ணுவதுதான் என்று லுட்டிக், டுவிட்டர் தளத்தில் எழுதினார். அதில் தொடர்ச்சியாக எழுதுவது எப்படி என்பதையே தம் மகனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாராம்.

சனவரி 6 அன்று பென்ஸ் காங்கிரசுக்கு விடுத்த கடிதம் லுட்டிக்கின் பெயரைச் சுட்டுகிறது. ஒருவரின் கையில் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் தனியதிகாரத்தை அரசியலமைப்பை வகுத்தோர் கொடுத்திருக்க மாட்டார்கள் என்றும், தாம் எடுத்த பிரமாணம் அத்தகைய உரிமையைக் கோரவொட்டாமல் தம்மைத் தடுக்கிறது என்றும் அவர் எழுதினார். நம் சமுதாயத்துப் பெரியவர்களுக்கு இதை விளக்க நெடுநேரம் ஆகாது. முத்தவல்லியின் பெயரில் பத்திரம் இருக்கும். சாவி அவர் இடுப்பில் இருக்கும். ஆயினும் வக்ஃபு செய்தவர் எழுதிவைத்த நோக்கத்தை மாற்றவோ, சொத்தைத் தமக்கு வேண்டியவர் பெயருக்குத் திருப்பவோ அவருக்கு உரிமை இல்லை. கையில் இருப்பது அமானிதம், உடைமையன்று.

அன்று பிற்பகல் இரண்டு மணிக்குப் பின் கூட்டம் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தது. வெளியே தூக்குமரம் நடப்பட்டிருந்தது. பென்சைத் தூக்கிலிட வேண்டும் என்னும் கூச்சல் எழுந்தது. காவலர்கள் அவரைக் கட்டடத்தின் அடித்தளத்துக்குக் கொண்டுசென்றனர். வண்டியில் ஏறி வெளியேற மறுத்து அங்கேயே இருந்தார். இரவு எட்டு மணியளவில் செனட் மீண்டும் கூடியது. விடிவதற்குமுன், மூன்றரை மணியைக் கடந்த வேளையில், பைடன் வென்றார் என்று அறிவித்தவர் பென்சே.

இவரை மாவீரராக்கி மாலை சூட்டுவது என் நோக்கமன்று. தேர்தல் முடிந்து இரண்டு மாதங்கள் அந்தப் பொய் வளர்ந்தபோது அவர் வாய்திறந்து மறுக்கவில்லை. சனவரி 4 அன்று ஜார்ஜியாவில் பேசியபோதும் ஆட்சேபணைகளுக்குக் காங்கிரசில் இடமுண்டு என்று கூட்டத்துக்கு நம்பிக்கையூட்டினார். வன்முறைக்குப் பின்னரும் அவர் கட்சியினருள் பிரதிநிதிகள் சபையில் 139 பேரும் செனட்டில் 8 பேரும் மாநிலத் தேர்வாளர் வாக்குகளை ஏற்க மறுத்து வாக்களித்தனர். அவர்களும் தம்மைப் பழமை பேணுவோர் என்றே அழைத்துக்கொண்டனர்.

என்னை இவரினும் மிகுதியாகக் கவர்ந்தவர் ரஸ்டி பவர்ஸ். அரிசோனா மாநிலப் பிரதிநிதிகள் சபையின் தலைவர். ஓவியமும் சிற்பமும் அறிந்தவர். ஆழ்ந்த சமயப் பற்றுடையவர். டிரம்புக்காக வாக்குக் கேட்டவர். அம்மாநிலத்தில் டிரம்ப் 10,457 வாக்குகளில் தோற்றார். மக்கள் தேர்ந்தெடுத்த தேர்வாளர்களை நீக்கிவிட்டு வேறு சிலரை அமர்த்துமாறு டிரம்பும் அவர் வழக்கறிஞர் ஜூலியானியும் தொலைபேசியில் கேட்டனர். சான்று எங்கே என்றார் பவர்ஸ். தருகிறோம் என்றனர்; தரவில்லை. கோட்பாடுகள் நிறைய உள்ளன, சான்றுதான் இல்லை என்று ஜூலியானி பின்னர்ச் சொன்னதாக 2022 சூன் 21 அன்று விசாரணைக் குழுமுன் பவர்ஸ் சாட்சியம் அளித்தார். அரசியலமைப்பு இறையருளால் உண்டானது என்பது அவர் சமய நம்பிக்கையின் ஒரு கூறு. அதன்மேல் எடுத்த பிரமாணத்தை எவர் கேட்டாலும் மீற இயலாது என்றார். அவர் வீட்டின்முன் ஒலிபெருக்கி கட்டிய வண்டிகள் சுற்றி வந்தன. உள்ளே அவர் மகள் கடும் நோயுற்றுக் கிடந்தார். அந்த ஆண்டே ஆகஸ்டில் கட்சியின் உட்தேர்தலில் பவர்ஸ் தோற்றார்.

எல்லாருக்கும் அப்படி நேரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜார்ஜியாவில் 11,779 வாக்குகளில் டிரம்ப் தோற்றிருந்தார். 11,780 வாக்குகளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று 2021 சனவரி 2 அன்று தொலைபேசியில் அவர் கேட்டபோது, மாநிலச் செயலாளர் பிராட் ராபென்ஸ்பெர்கர் இணங்கவில்லை. அவரை 2022இல் கட்சி வாக்காளர்கள் மீண்டும் ஏற்றுக்கொண்டனர்.

இங்கே மாணவர் ஒருவர் கேட்கக்கூடிய வினா ஒன்று உண்டு. தேர்தல் மெய்யாகவே திருடப்பட்டிருந்தால்? அப்போது விதியைப் பற்றிக்கொண்டு நிற்பவன் அநீதிக்குத் துணைபோனவன் ஆகமாட்டானா? நேர்மையான வினா இது, எளிதில் தள்ளத்தக்கதன்று. திருட்டு நடந்ததென்று உளமார நம்பியோர் கோடிக்கணக்கில் இருந்தனர். அவர்கள் எல்லாரையும் பொய்யர் எனல் தகாது. ஆனால் நம்பிக்கையை மெய்ப்பிப்பதற்கு நாட்டில் இடம் இருந்தது. அறுபதுக்கும் மேற்பட்ட வழக்குகள் தொடரப்பட்டன. ஏறத்தாழ எல்லாம் தோற்றன. டிரம்பே அமர்த்திய நீதிபதி ஸ்டெபானோஸ் பீபஸ் 2020 நவம்பர் 27 அன்று அளித்த தீர்ப்பில், குற்றச்சாட்டு என்றால் குறிப்பான செய்தியும் அதற்குச் சான்றும் வேண்டும். இரண்டும் இங்கில்லை என்றார். டிரம்ப் அமர்த்திய மூவர் அமர்ந்திருந்த உச்ச நீதிமன்றமும் டெக்சாஸ் தொடுத்த வழக்கை டிசம்பர் 11 அன்று ஏற்க மறுத்தது. வழக்காடு மன்றத்தில் கிட்டாத தீர்ப்பைச் சான்றுகளைத் திறப்பவரின் கையிலிருந்து பறிப்பது நீதி வேண்டுதல் ஆகாது. அப்படிப் பறிக்கும் வழி ஒன்று திறக்குமானால், அடுத்த முறை அதில் நுழைபவர் எதிர்க்கட்சித் துணைத் தலைவராகவும் இருக்கலாமே!

முன்னே இருந்தவர்கள் இதை அறிந்திருந்தனர். 1961இல் ஹவாயிலிருந்து இருவகைச் சான்றுகள் வந்தன. மறு எண்ணிக்கையில் கென்னடி 115 வாக்குகள் கூடுதலாகப் பெற்றிருந்தார். தோற்ற வேட்பாளரான துணைத் தலைவர் நிக்சன், அம்மூன்று தேர்வாளர் வாக்குகளையும் கென்னடிக்கே சேர்த்தார். அவற்றால் முடிவு மாறப்போவதில்லை என்பது உண்மையே. 2001இல் அல் கோரின் நிலை அதனினும் கடுமையானது. புளோரிடாவின் 537 வாக்குகளில் தலைமைப் பதவியை இழந்த அவர்முன், அவருக்காகவே கறுப்பின உறுப்பினர்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து ஆட்சேபித்தனர். செனட் உறுப்பினர் ஒருவரின் கையெழுத்து இல்லாமையால் அவ்வாட்சேபணைகள் விதிக்குப் புறம்பானவை என்று அவரே தள்ளிவிட்டு, 271-க்கு 266 என்னும் எண்ணிக்கையில் புஷ் வென்றதை அறிவித்தார். கோரைப் பழமை பேணுபவர் என்று எவரும் சொன்னதில்லை.

2022 டிசம்பரில் பழைய சட்டம் திருத்தப்பட்டது. துணைத் தலைவரின் பணி சடங்குமுறையானது மட்டுமே. ஏற்கவோ தள்ளவோ அவருக்கு அதிகாரம் இல்லை என்பது வெளிப்படையாக எழுதப்பட்டது. ஆட்சேபணை எழுப்ப ஒவ்வோர் அவையிலும் ஒருவர் போதும் என்றிருந்தது. இனி ஐந்தில் ஒரு பங்கினர் வேண்டும். பன்னிரண்டாம் திருத்தத்தின் செயப்பாட்டுவினை அப்படியேதான் இருக்கிறது. 218 ஆண்டுகள் கழித்து உரை தெளிவுபட்டது.

பென்ஸ் 2023இல் தலைவர் பதவிக்குப் போட்டியிட முன்வந்து, ஆதரவு கிட்டாமையால் அக்டோபரில் விலகினார். 2024 தேர்தலில் டிரம்ப் 312-க்கு 226 என வென்றார். 2025 சனவரி 6 அன்று வாஷிங்டனில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. தோற்ற வேட்பாளரான துணைத் தலைவர் கமலா ஹாரிஸ் அவையில் நின்று இரு எண்களையும் படித்தார். அரைமணி நேரத்தை ஒட்டி எண்ணிக்கை முடிந்தது. உறுப்பினர்கள் கலைந்து சென்றனர்.