கொடைக்கானல் குளிருக்கு வேனுக்குள் கரி அடுப்பா? உஷார்!

லாட்ஜ் வாடகை கட்டுபடியாகாமல், ரோட்டோரம் சமைத்து, வேனிலேயே படுத்து மலையைச் சுற்றிப் பார்க்கும் குடும்பங்கள் கொடைக்கானல், ஊட்டி பக்கம் உண்டு. தப்பில்லை. ஆனால் சிக்கன் சுட்ட கரி அடுப்பில் மிச்சம் தணல் இருக்கும். "வீணாப் போகுதே, குளிருக்கு இதமா இருக்கட்டும்" என்று அதை வேனுக்குள் தூக்கி வைத்து, கண்ணாடியையும் ஏற்றி விடுகிறார்கள். எமன் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறான்.

தணலில் இருந்து கார்பன் மோனாக்சைடு வாயு வரும். கண்ணுக்குத் தெரியாது, வாடையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தை இது பிடித்துக் கொள்ளும். முழித்திருப்பவருக்கு தலைவலி, மயக்கம், வாந்தி வரும். தூங்குபவருக்கு அதுவும் தெரியாது.

2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் விடுதி அறைக்குள் கரி அடுப்பை வைத்துவிட்டுத் தூங்கிய 2 வாலிபர்கள் காலையில் எழுந்திருக்கவே இல்லை. அறைக்கே இந்தக் கதி. வேன் அதைவிடச் சின்னது.

எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டர் போட்டுத் தூங்குவதும் ஆபத்துதான். தணலை தண்ணீர் ஊற்றி அணைத்து வெளியே வையுங்க. போர்வை கூட ரெண்டு எடுத்துக்கோங்க. யாருக்காவது தலை சுற்றினால் உடனே வெளிக்காற்றுக்கு தூக்கி வந்து, 108-க்கு போன் போடுங்க.