முதியோர் இல்லம்: பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

கொட்டாஞ்சேனையில் நாற்பது வருடம் கடை நடத்திய மூத்த வியாபாரி ஒருவர் எனக்கு நெருங்கியவர். மனைவி மௌத்தாகிவிட்டார். மகன்மார் வெளிநாட்டில், மகளின் ஃபிளாட் சிறியது. எல்லோரும் பேசி, மாதக் கட்டணம் வாங்கும் முதியோர் இல்லமொன்றில் அவரைச் சேர்த்தார்கள். அவரிடம் மட்டும் கேட்கவில்லை.

பார்க்கப் போனேன். அறை சுத்தம், சாப்பாடும் ஹலால். ஆனால் அவர் சொன்னார்: "தம்பி, கடைச் சாவி, பெட்டகச் சாவி எல்லாம் என் இடுப்பிலதான் இருந்தது. இப்ப அறைச் சாவியும் இல்ல, பேங்க் புத்தகமும் இல்ல. நினைச்ச நேரத்தில ஒரு பிளேன்டி குடிக்க ஏலாது."

வியாபாரிகளாகிய நாம் கடையொன்றை வாடகைக்கு எடுத்தால் உறுதி பார்க்கிறோம், ஒப்பந்தத்தை வரிவரியாக வாசிக்கிறோம். வாப்பாவை ஓர் இடத்தில் விடும்போது மட்டும் "மாதம் எவ்வளவு?" என்பதோடு நிறுத்திவிடுகிறோம்.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது இலங்கையில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் அறுபது வயதைத் தாண்டியவர்களாக இருந்தார்கள். இவர்களுக்காகவே 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் உள்ளது. பெற்றோரைக் கவனிப்பது பிள்ளைகளின் கடமை என்கிறது அச்சட்டம். தம்மைப் பராமரிக்க முடியாத பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கோரிச் சபையொன்றில் முறையிடவும் வழியுண்டு. முதியோர் இல்லம் நடத்துவோர் பதிவு செய்துகொள்ளவும் வேண்டும்.

எனவே பணம் கட்டுமுன் இவற்றைக் கேளுங்கள்:

1. இல்லம் பதிவு செய்யப்பட்டதா?

2. கட்டணத்தில் எவை அடங்கும்? மருந்து, சலவை, இரவில் துணை எல்லாம் வேறா?

3. பிடிக்காமல் வெளியேறினால் முற்பணம் திரும்புமா? எத்தனை நாள் முன்னறிவித்தல்?

4. அறைச் சாவி யாரிடம்? வெளியே போக, ஜும்ஆவுக்குப் போக, விருந்தினரை வரவேற்க யாருடைய அனுமதி வேண்டும்?

5. சாப்பாடு, குளிப்பு, தூக்கம் ஆகியவற்றின் நேரத்தை யார் முடிவு செய்வது?

எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே வாழப்போகிறவரை முதலில் கூட்டிச்சென்று காட்டுங்கள். அவருக்கு நிதானம் இருக்கும்வரை ஒப்பந்தத்தில் அவரே கையொப்பமிடட்டும். வயது ஏறியதால் எவருடைய சொத்துரிமையும் போய்விடுவதில்லை. பேங்க் புத்தகம் அவரிடமே இருக்க வேண்டியது.

நான் மகளோடு பேசினேன். அவர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். இல்லத்தாரும் அறையில் ஒரு சுடுதண்ணீர்ப் பிளாஸ்க் வைக்கச் சம்மதித்தார்கள். அடுத்தமுறை போனபோது எனக்குப் பிளேன்டி ஊற்றித் தந்தவர் அவர்தான்.

நாளை நமக்கும் இந்த முறை வரும். நம் விருப்பத்தை இன்றே பிள்ளைகளிடம் சொல்லி, எழுதியும் வைப்போம்.