மலைக்கு அப்பால் ஒரு நகல்

1924-ஆம் ஆண்டு ஜூலை மாதம் மூணாறு மலைகளில் பெய்த மழையைக் கேரளத்தில் இன்றும் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்றே குறிப்பிடுகிறார்கள். அது கொல்லம் ஆண்டு 1099. அந்த வெள்ளத்தில் அழிந்தவற்றுள் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்பாதையும் ஒன்று. மூணாற்றுத் தேயிலையை டாப் ஸ்டேஷன் வரை கொண்டு சென்றது அந்தச் சிறு ரயில். அங்கிருந்து கம்பிவடத்தின் வழியே கீழே கொட்டக்குடிக்கு இறங்கிய பெட்டிகள், பிறகு போடிநாயக்கனூரை அடைந்தன. 1908-இல் இரண்டு அடி அகலத்தில் அமைக்கப்பட்ட தண்டவாளம் பதினாறு ஆண்டுகளில் மண்ணோடு போயிற்று. அதை எவரும் மீண்டும் கட்டவில்லை.

அதே மலைகளின் வணிகம் இன்று வேறொரு தடத்தில் ஓடுகிறது. இடுக்கியின் புற்றடியிலும் தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரிலும் ஏலக்காய் மின்னணு முறையில் ஏலம் போகிறது. வண்டன்மேட்டு வியாபாரியின் கொள்முதல், விவசாயிக்குத் தரவேண்டிய பாக்கி, வடநாட்டு வணிகரிடமிருந்து வரவேண்டிய தொகை ஆகிய எல்லாமே கடையின் பின்னறையில் உள்ள ஒரு கணினிக்குள் இருக்கின்றன. பாலக்காட்டின் சித்தூர், கொல்லங்கோடு பகுதி அரிசி ஆலைகளிலும், எல்லையோரப் பள்ளிகளிலும், மருத்துவமனைகளிலும் இதே நிலைதான். சிலர் சொந்தமாகச் சர்வர் வைத்திருக்கிறார்கள். சிலர் தொலைவிலுள்ள தரவு மையத்தில் ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். எவருடனும் பகிராமல் ஒரே நிறுவனத்தின் வேலைக்கென ஒதுக்கப்பட்டது என்பதால் அதைத் தனிச் சர்வர் என்கிறோம். தனித்து இருப்பதுதான் அதன் வலிமை. மழைக்காலத்தில் அதன் பலவீனமும் அதுவே.

வாடிக்கையாளர்கள் பலர் இங்கே ஒரு கணக்கைத் தவறாகப் போடுகிறார்கள். ‘எல்லாம் வங்கியில் பதிவாகியிருக்கிறதே’ என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. உங்கள் கணக்கில் வந்த தொகையும் போன தொகையும் எங்களிடம் இருக்கும்; கிளையே நீரில் மூழ்கினாலும் இருக்கும். ஆனால் யார் உங்களுக்கு எவ்வளவு தரவேண்டும், கிட்டங்கியில் எத்தனை மூட்டை இருந்தது, அவற்றில் எத்தனைக்கு இன்னும் பணம் தரவில்லை என்பன எங்களிடம் இல்லை. ரொக்கக் கடன் வரம்புக்கு நீங்கள் மாதந்தோறும் தரும் சரக்கு அறிக்கை, மொத்தத் தொகைகளைச் சொல்லும் ஒரு சுருக்கம் மட்டுமே. சரக்கு நனைந்து போன பின் காப்பீட்டு நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் வந்து கேட்பது அந்தச் சுருக்கத்தையன்று. சரக்குப் பதிவேட்டையும் கொள்முதல் பட்டியல்களையும்தான். சரக்கும் அதற்கான சான்றும் ஒரே கூரையின் கீழ் இருந்து ஒரே இரவில் போனால், இழப்பு ஒன்றன்று, இரண்டு.

வங்கிகளும் சந்தைகளும் இதை எவ்வாறு கையாள்கின்றன என்று பார்ப்பது பயனுடையது. முதன்மைத் தரவு மையம் ஓரிடத்தில் இருக்கும். பேரிடர் மீட்பு மையம் நெடுந்தொலைவில் வேறோரிடத்தில் இருக்கும். ஆயினும் இரண்டாவது மையம் இருப்பது வேறு, நெருக்கடியில் அதற்கு மாற முடிவது வேறு. 2021 பிப்ரவரி 24 அன்று தேசியப் பங்குச் சந்தையில் முற்பகல் 11.40 மணிக்கு வணிகம் நின்றது. மீட்பு மையம் இருந்தும் அன்று அதற்கு மாறவில்லை, மாலை 3.45 மணிக்குத்தான் வணிகம் மீண்டும் தொடங்கியது. பின்னர் 2024 மார்ச் 2, சனிக்கிழமையன்று, மீட்பு மையத்திற்கு மாறிப் பார்ப்பதற்கென்றே பங்குச் சந்தைகள் சிறப்பு வணிக அமர்வு நடத்தின. 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கியின் நெறிமுறையும், முக்கியமான அமைப்புகளுக்கு அரையாண்டுக்கு ஒருமுறையேனும் இந்த ஒத்திகை வேண்டும் என்கிறது. அதுவும் ஒரு முழு வேலைநாளை மீட்பு மையத்திலிருந்தே நடத்திக் காட்ட வேண்டும்.

சிறு நிறுவனத்திற்கு இரண்டு தரவு மையங்கள் கட்டுப்படியாகாது; தேவையும் இல்லை. நகல் எங்கே இருக்கிறது என்ற கேள்வியைச் சரியாகக் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று 2021 மார்ச் 10 அன்று தீயில் முற்றாக அழிந்தது. அங்கே சர்வர் எடுத்திருந்த பலர் தரவைத் திரும்பப் பெறவே இல்லை. காப்பு நகல் சேவைக்கெனத் தனியே பணம் செலுத்திய வாடிக்கையாளர் ஒருவர் தொடுத்த வழக்கில், நகலும் அதே கட்டடத்தில்தான் வைக்கப்பட்டிருந்தது என்பது வெளிப்பட்டது; 2023-இல் நீதிமன்றம் அவருக்கு இழப்பீடு வழங்கச் சொன்னது. இழப்பீடு கிடைத்தது, தரவு கிடைக்கவில்லை. வாடகைச் சர்வர் வைத்திருப்போர், ‘நகல் எடுக்கிறீர்களா’ என்று சேவை நிறுவனத்தைக் கேட்பதோடு நிற்காமல், ‘எந்த ஊரில், எந்தக் கட்டடத்தில்’ என்றும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

சொந்தச் சர்வர் வைத்திருப்போருக்கு நம் நில அமைப்பே ஒரு விடையைத் தருகிறது. கட்டப்பனையில் சர்வர், குமுளியில் நகல் என்றால் ஊர்ப்பெயர் மாறுகிறதே தவிர மழை மாறுவதில்லை. தென்மேற்குப் பருவமழையின் முழு வேகத்தையும் தாங்குவது மலையின் கேரளப் பக்கம். தேனிப் பக்கம் மழை மறைவுப் பகுதி; அங்கே பெருமழை பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தில் வரும். மின்சாரம் வழங்கும் நிறுவனமும் வேறு. போடிமெட்டிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால் போடிநாயக்கனூர். ஏறத்தாழ 26 கிலோமீட்டர்தான். ஆனால் ஆகஸ்டு மாதத்தில் அது வேறொரு நாடு. இடுக்கியில் கடையும் போடியில் வீடும் உள்ள குடும்பங்கள் எத்தனையோ உண்டு. அந்த வீட்டின் இரும்புப் பெட்டிக்குள் ஒரு வன்தட்டு இருந்தால், அது பெரிய நிறுவனங்கள் பெரும்பொருள் செலவிட்டுச் செய்யும் ஏற்பாட்டின் எளிய வடிவம். பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதியினருக்கு இவ்வளவு கூர்மையான தடுப்புச்சுவர் இல்லை. வாளையாற்றைத் தாண்டிக் கோயம்புத்தூரில் ஒரு நகல் வைப்பது அவர்களுக்கு இயல்பான வழி.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. சாலை இருக்கும், இணையம் இருக்கும் என்று எண்ணித் திட்டமிடக்கூடாது. 2018 ஆகஸ்டில் செறுதோணி அணையின் மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்பட்டன. அதே மாதத்தில் மூணாறு வெளியுலகத் தொடர்பற்றுப் போனது. 2020 ஆகஸ்டு 6 இரவு பெட்டிமுடியில் நிகழ்ந்த நிலச்சரிவில் 70 உயிர்கள் போயின. பெரும்பாலோர் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். மின்சாரமும் தொலைபேசியும் செயலற்றிருந்ததால் அந்தச் செய்தியே மறுநாள் காலையில்தான் வெளியே வந்தது. உயிரிழப்பின் முன்னே கணக்குப் புத்தகத்தைப் பற்றிப் பேசுவது சிறுமையாகத் தோன்றலாம். ஆனால் தப்பியவர்கள் வாழ்வைத் தொடரவேண்டியிருக்கிறது. கூலி பாக்கியும் சேமிப்பும் எங்கேனும் பதிவாகியிருக்க வேண்டியிருக்கிறது. எனவே மழை தொடங்கும் முன்பே நகல் மலையிறங்கியிருக்க வேண்டும். எச்சரிக்கை வந்த பின் அனுப்பலாம் என்பது நடவாத காரியம்.

எதை நகலெடுப்பது என்பதிலும் குழப்பம் நிலவுகிறது. சர்வரில் இரண்டு தட்டுகள் ஒன்றையொன்று பிரதிபலிக்கும் ரெய்டு அமைப்பு இருந்தால் நகல் இருப்பதாகச் சிலர் கருதுகிறார்கள். அது ஒரு தட்டு பழுதாவதற்கு மட்டுமே மருந்து. தவறுதலாக அழித்த கோப்பு இரண்டு தட்டிலும் ஒரே கணத்தில் அழியும்; வெள்ளமும் இரண்டையும் சேர்த்தே நனைக்கும். கணக்கு மென்பொருள் இயங்கிக்கொண்டிருக்கும்போது அதன் தரவுக் கோப்பை அப்படியே படியெடுப்பதும் தவறு. பாதி எழுதப்பட்ட பதிவுகளுடன் கிடைக்கும் அந்தப் படி, தேவைப்படும் நாளில் திறக்காமல் போகலாம். மென்பொருளிலேயே உள்ள பேக்கப் வசதியைப் பயன்படுத்த வேண்டும், அல்லது அனைவரையும் வெளியேறச் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும். தரவுடன் மென்பொருளின் உரிமக் குறியீடு, பயனர் அமைப்புகள், அச்சுப்படிவங்கள் ஆகியனவும் சேர வேண்டும்.

மழை மட்டுமே பேரிடர் அன்று. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னக்ரை என்னும் பணயத் தீநிரல், தென்னக ரயில்வேயின் பாலக்காடு கோட்ட அலுவலகக் கணினிகள் சிலவற்றையும் தாக்கியது. இத்தகைய நிரல்கள் சர்வரோடு இணைந்திருக்கும் தட்டுகளையெல்லாம் பூட்டிவிடும். பேக்கப் எடுத்த தட்டு எப்போதும் செருகியபடியே இருந்தால் அதுவும் பூட்டப்படும். பீட்டர் குரோக் என்ற அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பரவலாக்கிய 3-2-1 கணக்கு இதற்கு ஏற்றது: தரவு மூன்று படிகளில், இரு வேறு ஊடகங்களில், ஒன்று வெளியூரில். அவற்றுள் ஒன்றேனும் கம்பியிலிருந்து கழற்றப்பட்டிருக்க வேண்டும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இரண்டு கேள்விகள். எத்தனை நாள் பதிவுகளைத் திரும்ப எழுத உங்களால் முடியும்? எத்தனை நாள் கடையை மூடி வைக்க முடியும்? ஏலப் பருவத்தில் ஒரு நாள் பதிவை இழப்பதே பெருந்துன்பம் என்றால், தினசரி நகல் வேண்டும். கோடைக்காலப் பள்ளி அலுவலகத்திற்கு வாரம் ஒருமுறை போதும். இணையவழி அனுப்புவோர் கோப்பின் அளவையும் பார்க்க வேண்டும். விநாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் 200 ஜிகாபைட் தரவை அனுப்ப ஏறத்தாழ 44 மணி நேரம் ஆகும். முதல் முழு நகலைத் தட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, அன்றாடம் மாறியதை மட்டும் இணையத்தில் அனுப்புவதே நடைமுறைக்கு உகந்தது.

இவற்றைச் சட்டமும் கேட்கிறது என்பது பலருக்குப் புதிய செய்தி. ஜிஎஸ்டி விதிகளில் 57-ஆவது விதி, விபத்தாலோ இயற்கைக் காரணங்களாலோ பதிவுகள் அழிந்தால் உரிய காலத்திற்குள் மீட்கக்கூடிய வகையில் மின்னணு நகல் பராமரிக்கப்பட வேண்டும் என்கிறது. கணக்கேடுகளை ஆண்டறிக்கைக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்கு 2022 முதல் இன்னும் கடுமை: இந்தியாவிலுள்ள சர்வரில் தினசரி நகல்.

நகல் சரியாக இருக்கிறதா என்று அறிய ஓர் எளிய வழி எங்கள் தொழிலிலிருந்தே கிடைக்கிறது. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வேறொரு கணினியில் அந்த நகலை மீட்டுத் திறவுங்கள். சென்ற மாத இறுதியில் உங்கள் ஏட்டின்படி வங்கிக் கணக்கின் இருப்பு என்ன என்று பாருங்கள். எங்கள் கிளை தரும் கணக்கு அறிக்கையோடு ஒப்பிடுங்கள். வசூலாகாத காசோலைகள் நீங்கலாக இரண்டும் ஒத்துப்போனால் அந்த நகலை நம்பலாம். தொடங்கியதிலிருந்து ஒத்துப்பார்க்கும் வரை எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பேரிடர் நாளில் அதைப்போல் இரு மடங்கு ஆகும் என்று கொள்ளலாம்.

தட்டை வங்கிப் பெட்டகத்தில் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். வைக்கலாம், உங்கள் ஊர்க் கிளையில் வேண்டா, மலைக்கு மறுபுறமுள்ள கிளையில். இரண்டு தட்டுகளை மாதந்தோறும் மாற்றி மாற்றி வைத்தால், ஒன்று எப்போதும் உள்ளே இருக்கும். மலையூர் ஈரம் தட்டுகளுக்குப் பகை; காற்றுப் புகாத உறையில் ஈரமுறிஞ்சும் பொட்டலம் ஒன்றும் சேர வேண்டும். வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சீற்றத்தால் பெட்டகப் பொருளுக்கு நேரும் சேதத்திற்கு வங்கி பொறுப்பேற்காது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஆகவே பெட்டகத்தில் இருப்பது ஒரே நகலாக இருக்கக்கூடாது. தட்டைக் கடவுச்சொல்லால் பூட்டியிருந்தால், அந்தச் சொல்லை எழுதிய தாள் அதே உறைக்குள் இருக்கலாகாது. அது குடும்பத்தில் மற்றொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெட்டகத்தைத் திறக்கும் உரிமையுள்ள கூட்டுப் பெயர் அவருடையதாகவே இருப்பது நல்லது.